எவரிஸ்தோவின் முதுகு

பிறந்த மூன்றாம் நாள் அப்பா எவரிஸ்தோவின் முதுகில் ஏறிய லுஸ்மிலா, நான்கு வருடம் கழித்துத்தான் இறங்கினாள். நடுவில் பால் குடிக்க மட்டும் அம்மா நெலீதாவிடம் போவாள். வயிறு நிறைந்ததும் வீறிட்டு அழுது முதுகுக்கே திரும்பிவிடுவாள். பிரித்துப் படுக்க வைத்தால் உடம்பு சில்லிட்டுவிடும். அந்த வருடம் மரன்யோன் ஆறு கரையை மீறி எங்கள் வாழைகளைக் கொண்டுபோயிருந்ததால், ஊருக்கு இதைப் பேச நேரமில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கையில் கணவன் காட்டில் எதையும் சுடக் கூடாது. சுட்டால் அந்த மிருகத்தின் குணம் பிள்ளைக்கு வந்துவிடும். எவரிஸ்தோவுக்கும் இது தெரியும்தான். ஆனால் நெலீதா கறி கேட்டாள், மசக்கைக்காரி கேட்டதை மறுக்கும் ஆண்பிள்ளை எங்கள் ஆற்றோரத்தில் இன்னும் பிறக்கவில்லை. அவன் சுட்டது ஒரு தொக்கோன் குரங்கை. பூனைக்குட்டி அளவு உடம்பு, அதைவிட நீளமான வால். ஆணும் பெண்ணும் ஒரே கிளையில் வாலோடு வால் பின்னி உட்காரும். குட்டியைச் சுமப்பது அப்பன்தான். பாலுக்கு மட்டும் அம்மா. விடிந்ததும் இரண்டும் மாறிமாறிக் கத்தி, இது எங்கள் மரம் என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்லும். விழுந்த ஆணின் முதுகில் குட்டி ஒட்டியிருந்ததைக் குனிந்து எடுக்கும்போதுதான் எவரிஸ்தோ பார்த்தான். அதுவும் பிழைக்கவில்லை.

“நான் என்ன இவளுக்குச் சோத்துக்கடையா? வர்றா, குடிக்கிறா, வாயத் தொடச்சிட்டுப் போயிடுறா” என்று நெலீதா பொருமினாள்.

“கறி வேணும்னு கேட்டது யாரு?”

“கேட்டா? குட்டியோட இருக்கிறதையா சுடுவ? கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?”

அதன் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றது.

லுஸ்மிலா பிறந்த மாதமே, செத்ததன் ஜோடியான விதவைக் குரங்கு வீட்டுக்குப் பின்னால் இருந்த ஈரப்பலா மரத்துக்குக் குடிவந்தது. விடியலில் தன் பங்கைக் கத்திவிட்டுப் பதிலுக்காக நிறுத்தும். அது நிறுத்திய இடத்தில் லுஸ்மிலாவின் மூச்சும் நின்றது. முதல் நாள் எவரிஸ்தோ பயத்தில் அலறிய அலறல் ஆண் குரங்கின் குரலாகவே வந்தது; பிள்ளை மூச்சு விட்டாள். அன்றிலிருந்து தினமும் அவன்தான் பதில். தூங்கிப்போய்விடுவோமோ என்று மசாத்தோ என்ற மரவள்ளிக் கள்ளைக் குடிப்பதை விட்டான். தொண்டை கட்டிவிடுமோ என்று மழையில் நனைய அஞ்சினான். பயந்தே பாதி உடம்பானான்.

ஒரு சாயங்காலம் கழுகு விதவையைத் தூக்கிப்போனது. மறுநாள் விடிந்தது, மரம் பேசவில்லை. லுஸ்மிலாவின் உதடு கருத்தது. எவரிஸ்தோ கத்திப் பார்த்தான், பலனில்லை. ஆரம்பிக்க ஆள் இல்லை.

“நெலீதா! நீ கத்துடி!”

“எனக்கு எங்கய்யா தெரியும்?”

“தெனமும் கேட்டியே! புள்ள போகுதுடி, கத்து!”

உரித்த வாழைக்காயை அடுப்படியில் போட்டுவிட்டு நெலீதா கத்தினாள். அவள் நிறுத்திய இடத்தில் எவரிஸ்தோ தொடர்ந்தான். பிள்ளை இருமினாள், மூச்சு வந்தது.

பிறகு ஒருநாள் லுஸ்மிலா தானாகவே இறங்கிக் கோழி துரத்தப் போனாள். இப்போது அவள் இக்கீத்தோஸ் நகரத்தில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறாள். கிழவனும் கிழவியும் இங்கே விடியல் தவறாமல் கத்துகிறார்கள். இன்னும் எதற்கு என்று புதிதாக வந்த படகுக்காரன் ஒருவன் சிரித்தான்.

“நிறுத்திப் பாக்கலாம்ங்கிறியா? உன் புள்ளையா இருந்தா பாப்பியா?” என்றாள் நெலீதா.

அவன் சிரிப்பை விட்டுவிட்டு மோட்டாரைக் கிளப்பினான். விடியலில் இரண்டாவது குரல் எழும்வரை நாங்களும் அடுப்பு மூட்டுவதில்லை.