அக்காவின் பென் டிரைவ்

ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளியின் வயிற்றில் தன் உயிரை ஒளித்து வைத்த அரக்கனைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அவன் பொல்லாதவனே ஆனாலும் ஒன்றில் புத்திசாலி: அதே போல் இன்னொரு கிளி செய்து யாரிடமும் கொடுத்துவைக்கவில்லை. நம் பெரியவள் கொடுத்துவைத்தாள்.

அவளும் அவள் தம்பி சின்னவனும் மாடியறை ஒன்றில் அமர்ந்து, கடைகளுக்கும் வீடுகளுக்கும் உள்ளலங்கார வரைபடம் போட்டுப் பிழைத்தார்கள். இருந்தது ஒரே மடிக்கணினி. அதன் உள்ளே எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் வட்டு என்றோ கண்ணை மூடிவிட்டது. சின்னவன் கெட்டிக்காரன். கணினியை இயக்கும் மென்பொருள் முழுவதையும் ஆளுக்கொரு பென் டிரைவில் ஏற்றிவிட்டான். செருகினால் கணினி எழுந்துகொள்ளும். அவரவர் படம், அவரவர் கோப்பு, அவரவர் ஒழுங்கு. அணைத்து எடுத்துவிட்டால் வெறும் கூடு. வேறொரு கணினியில் செருகினாலோ, அதுவும் அவர்களுடையதாகவே விழித்துக்கொள்ளும்.

"விரல் அளவு சாமான்க்கா. தொலைஞ்சா எல்லாம் போச்சு. வாராவாரம் குடு, அப்படியே ஒரு நகல் எடுத்து நான் வச்சிக்கறேன்" என்றான்.

தூக்கி வளர்த்த கைக்குச் சந்தேகப்படத் தெரியாது. கடவுச்சொல்லையும் சேர்த்தே கொடுத்தாள்.

அப்போது ஒரு பள்ளி, தன் பழைய சாப்பாட்டுக் கூடத்தை நூலகமாக மாற்ற வரைபடம் கேட்டது. பெரியவள் கண் பூத்துப்போகும்வரை உழைத்தாள். அட்டையில் ஒரு மாதிரியும் செய்தாள். பிறர் அடுக்களைக்கு அலமாரி வரைந்தே சலித்தவளுக்கு, இது கைகூடினால், என்னுடையது என்று சுட்டிக்காட்ட ஒரு கூடம் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துப்போன சின்னவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினான்.

"வேணாம்னுட்டாங்கக்கா. பெரிய கம்பெனிதான் வேணுமாம்."

"போகுது விடுடா. நம்ம தலையெழுத்து அங்கயா இருக்கு?" என்று அவள்தான் அவனைத் தேற்றினாள்.

அட்டை மாதிரியையாவது கேட்டு வாங்கிவரலாமென்று ஒரு பிற்பகல் அவளே பள்ளிக்குப் போனாள். கூட்ட அறையின் கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். சுவர் முழுவதும் அவளுடைய கணினித் திரை! அவள் எடுத்த நனைந்த காக்கையின் படம்; அவள் அடுக்கிய வரிசையிலேயே கோப்புகள். சின்னவன் புதுச்சட்டையில் நின்றான். அருகில் ஒரு பெரிய நிறுவனத்தின் மேலாளர்.

"இது எங்க கம்பெனிக்காக நானே யோசிச்சு வரைஞ்சது" என்று அவன் வரைபடத்தைத் திறந்தான்.

அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் ஒரு சிறு கட்டம் எழுந்தது. "தம்பிக்கு மாத்திரை. மறந்துடுவான், ஞாபகப்படுத்து." மூச்சிரைப்புக்காரத் தம்பிக்காக அவள் தினமும் எழும்படி வைத்திருந்த குறிப்பு. நகல் எடுத்தவன் அதையும் சேர்த்தே எடுத்திருந்தான். யாரோ சிரித்தார்கள். அவன் அவசரமாக அதை மூடினான்.

அவள் நேரே உள்ளே போய், கணினியிலிருந்து அந்தப் பென் டிரைவை உருவினாள்.

"ஐயோ அக்கா, புடுங்காத! கம்ப்யூட்டர் அப்படியே நின்னுடும்!"

தலைமையாசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "யாரும்மா நீங்க?"

சின்னவன் முந்திக்கொண்டான். "எங்க அக்காதான் மேடம். எனக்குக் கோடு கீடு போட்டுத் தருவாங்க. கொஞ்சம் மனசு சரியில்ல, அதான்..."

திருட்டையாவது அவள் செரித்துக்கொண்டிருப்பாள். இது தொண்டையிலேயே நின்றது.

"சரி, அடுத்த படத்தைக் காட்டுங்க" என்றார் தலைமையாசிரியை.

வேரறுந்ததை அறியாத மரம்போல வரைபடம் இன்னும் சுவரில் பச்சையாகத்தான் நின்றது. அவன் அழுத்தினான், அசையவில்லை. மறுபடி அழுத்தினான்.

"அது கிடக்கட்டும். எனக்கு ஒரு சந்தேகம். இது உங்க கணினின்னா, தம்பிக்கு மாத்திரைன்னு எழுதி வச்சது யாரு? உங்களுக்கு நீங்களே தம்பியா?" என்றார் தலைமையாசிரியை.

அறை கொல்லென்று சிரித்தது. மேலாளர் தம் நாற்காலியைச் சற்றே நகர்த்திப் போட்டுக்கொண்டார். பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை.

சின்னவன் அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினான். "அந்த மாடியறையிலயே கிழவனாயிடுவேனோன்னு பயந்துட்டேன்க்கா. இதைக் காட்டினா வேலை தர்றேன்னாங்க."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

அவன் கதவுப்பக்கம் நகர்ந்தான்.

தலைமையாசிரியை ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துப் பெரியவளிடம் நீட்டி, "நீங்க வரைஞ்சு காட்டுங்கம்மா" என்றார். அவள் கரும்பலகையில் வரைந்து காட்டிக்கொண்டே போனாள்: சன்னல் எங்கே, தரையில் படுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு இடம் எங்கே என்று. ஒரு கோடும் பிசகவில்லை.

"நல்லா இருக்கும்மா. வேலை பெருசு. கூட ஒத்தாசைக்கு யாராச்சும் இருக்காங்களா?"

வாசலில் ஒரு காலை வெளியே வைத்திருந்த சின்னவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அக்காவின் வாயையே பார்த்தான். சிறுவயதில் பிரம்புக்குப் பயந்து அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபோது பார்த்த அதே பார்வை.

"யாரும் இல்லம்மா" என்றாள் அவள். "நான் தனியாத்தான்."