பாதுகாப்பற்ற சாதனம்

தன்னை யாரும் கண்காணிப்பது லிங்கராஜுக்குப் பிடிக்காது. பழவங்காடியில் ஜவுளிக்கடைகளுக்குத் துணிப்பையும் அட்டைப்பெட்டியும் மொத்தமாக விற்கிற நிறுவனத்தில் அவருக்கு ஆர்டர் பிடிக்கிற வேலை. பழைய முதலாளி இருந்தவரை, காலையில் கிளம்பி சாயங்காலம் ஆர்டரோடு திரும்பினால் போதும். நடுவில் எங்கே போனாய் என்று அவர் கேட்டதில்லை. மத்தியானம் மியூசியம் பக்கத்து மரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணயர்வதும் அந்தச் சுதந்திரத்தில் அடக்கம்.

முதலாளியின் மகன் கிரீஷ் பொறுப்பேற்றதும் மரத்தடிக்கு ஆபத்து வந்தது. வெளியே சுற்றுகிற ஊழியர்கள் எல்லோரும் கைப்பேசியில் ஒரு ஆப் போட வேண்டும் என்றான். ஆள் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறார் என்று அது ஒரு நீலப்புள்ளியாக அவனுக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை அடி நடந்தார் என்ற கணக்கும் அதில் உண்டு.

லிங்கராஜ் நேரே தம்பானூருக்குப் போனார். அங்கே கைப்பேசி பழுதுபார்க்கிற வினீத், உளவு பார்க்கிற எதுவும் இல்லாத ஒரு கைப்பேசியைப் பற்றி அடிக்கடி பேசுவான். பழைய கைப்பேசி ஒன்றில் தயாரித்த கம்பெனி போட்டதையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு, வேறொரு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான்.

"அண்ணாச்சி, இனி இது நிங்களோட சொந்தம். ஒருத்தனும் உள்ள எட்டிப் பாக்க மாட்டான்" என்றான் மலையாளம் கலந்த தமிழில். "ஒரு காரியம் மட்டும். சில ஆப் இதுல கேறாது, போட்டா நிக்காது, கேட்டோ."

"அதுக்குத்தானே தம்பி வாங்குதேன்" என்று தன் கைப்பேசியை மாற்றாகக் கொடுத்தார் லிங்கராஜ்.

மறுநாள் அலுவலகத்தில் கிரீஷே அந்தக் கைப்பேசியை வாங்கி முயன்று பார்த்தான். 'இது பாதுகாப்பற்ற சாதனம். நிறுவ முடியாது' என்று சிவப்பில் வந்தது. யாரும் எட்டிப்பார்க்க முடியாத கைப்பேசிக்கு அப்படியொரு பெயர்! லிங்கராஜ் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார்.

பாங்க் ஆப்பும் அதே சிவப்பு எழுத்தைக் காட்டியபோதுதான் அவருக்குச் சற்று உறுத்தியது. கரண்ட் பில் கட்டவும் சிலிண்டருக்குச் சொல்லவும் அவர் மனைவி உலகம்மாளின் கைப்பேசியை வாங்க ஆரம்பித்தார். கொள்கை என்றால் சில அசௌகரியங்கள் இருக்கத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கிரீஷ் விடவில்லை. "வீட்டுல வேற ஃபோன் உண்டுல்லா அண்ணாச்சி? அதுல போட்டுட்டு, அதையும் கையில வச்சுக்கிடுங்க. மனசிலாச்சா?"

அன்று இரவு உலகம்மாளின் கைப்பேசியில் ஆப் ஏறியது. "ஆபீஸ்காரங்க சமாச்சாரம். அது பாட்டுக்குக் கிடக்கும்" என்றார் லிங்கராஜ். மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் சரி என்று தலையாட்டினாள். காலையில் அவர் தன் பெயரில் உள்ளே நுழைந்து, வருகையைப் பதிந்து, கைப்பேசியை அவள் பையிலேயே போட்டு அனுப்பினார். அவள் கிழக்கேகோட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் விற்பனையாளராக நின்றாள். அவர் மியூசியத்துக்குப் போய்த் தூங்கினார்.

அந்த ஜவுளிக்கடையைத்தான் அவருடைய நிறுவனம் வெகுநாளாகப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வாரக் கூட்டத்தில் கிரீஷ் எல்லோர் முன்னிலும் எழுந்து நின்றான். "அண்ணாச்சியப் பாருங்க. ஒரு கடையைப் பிடிக்கணும்னா இப்படி நிக்கணும். காலம்பற போனா ராத்திரிதான் எறங்குதாரு. நடந்த நடையைப் பாத்தா எனக்கே கால் வலிக்குது." எல்லோரும் கைதட்டினார்கள். லிங்கராஜும் அடக்கமாகச் சிரித்தார். நடந்த கால்கள் யாருடையவை என்று அப்போது அவர் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் கிரீஷ் அவரைத் தனியாக அழைத்துக் கதவைச் சாத்தினான். நீலப்புள்ளி போன இடத்தைத் தன் கைப்பேசியில் காட்டினான்.

"அண்ணாச்சி, கேக்கேன்னு தப்பா எடுக்கப்படாது. தெனமும் மத்தியானம் தம்பானூர்ல ஒரு லாட்ஜுக்குப் போறீங்களே, என்னத்துக்கு?"

லிங்கராஜ் யோசித்தார். நான் போகவில்லை என்றால் ஆப் பொய்யாகிவிடும். ஆப் உண்மை என்றால், போனது யார் என்று சொல்ல வேண்டும்.

"மூட்டுவலி. ஒரு வைத்தியர் அங்க தங்கியிருக்காரு" என்றார்.

"வைத்தியர் தெனமும் வேணுமோ?" என்று கிரீஷ் சிரித்தான். அந்தச் சிரிப்பு லிங்கராஜைச் சுட்டது.

அன்றைக்கு மரத்தடியில் தூக்கம் வரவில்லை. நாள் முழுக்கத் தன்னை எவனும் பார்க்கக் கூடாது என்று இருந்த மனிதர், மனைவி எங்கே போகிறாள் என்று பார்க்க மறுநாள் அந்த லாட்ஜுக்கு எதிரே பைக்கை நிறுத்தினார். சாப்பாட்டு நேரத்தில் கடைச் சீருடையோடு உலகம்மாள் வேகவேகமாக வந்தாள். அக்கம்பக்கம் பார்க்காமல் படியேறினாள். லிங்கராஜ் பின்னாலேயே ஏறினார்.

முதல் மாடியில் ஒரு அறை திறந்தே கிடந்தது. வாளியும் துடைப்பமுமாக வாசலில் ரத்னாபாய் நின்றாள். லாட்ஜைச் சுத்தம் செய்கிறவள், உலகம்மாளின் ஊர்க்காரி. உள்ளே, யாரோ காலி செய்துபோன கட்டிலில், உலகம்மாள் சுவரில் இரண்டு கால்களையும் தூக்கிச் சாய்த்து, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பாதங்கள் வீங்கி, கணுக்காலில் செருப்பின் வார் பதிந்திருந்தது. வயிற்றின்மேல் திறக்காத டிபன்பாக்ஸ்.

"சத்தம் போடாதிய. இப்பத்தான் தலையச் சாய்ச்சா" என்றாள் ரத்னாபாய்.

உலகம்மாள் கண் திறந்தாள். பதறவில்லை.

"நீங்க எங்க இங்க?"

"கடையில உக்கார நாற்காலி இருக்குன்னு சொன்னியே?"

"இருக்கு. அதுல சேலையை அடுக்கி வச்சிருக்காங்க." எழுந்து உட்கார்ந்தாள். "நான் இங்க வாரது ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் ஆப்பைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல, அவருக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. உலகம்மாள் தன் கைப்பேசியைக் கையில் எடுத்து, அழுக்கு ஒட்டியதைப் போலப் பார்த்தாள்.

"அப்ப ஒங்க மொதலாளிக்கு நான் எங்க நிக்கேன், எங்க படுக்கேன்னு தெரியும். லாட்ஜுன்னதும் என்ன நெனச்சானோ. நீங்க என்ன நெனச்சிய?"

கட்டிலடியில் கிடந்த அவள் செருப்புகளை லிங்கராஜ் ஜோடியாக நகர்த்தி வைத்தார்.

"ஒங்களை ஒருத்தன் பாக்கக்கூடாதுன்னு கடை தேடிப் போயி ஃபோன் வாங்கினிய. என்னைப் பாத்தா பரவால்லியா? ஒரு வார்த்தை கேட்டா, நானே சொல்லியிருப்பேன் கால் வலிக்குதுன்னு."

"வீட்டுல சொல்லவே இல்லியே நீ."

"நீங்க கேக்கவே இல்லியே."

ரத்னாபாய் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

உலகம்மாள் கையை நீட்டினாள். "அந்த ஃபோனை எங்கிட்டத் தாங்க. இதை நீங்க வச்சுக்கிடுங்க." அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அவரால் மறுக்க முடியவில்லை. கீழே இறங்கி, வினீத்தின் கடையில் இருவரின் சிம்மையும் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். பாங்க் ஆப் இதில் வராது என்று வினீத் அவளை எச்சரித்தான். "பணங்காசு வேலையை இவுக பாக்கட்டும். எனக்கு அந்த அரைமணி நேரம் போதும்" என்றாள்.

நீலப்புள்ளி இப்போது உண்மையிலேயே லிங்கராஜாகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் கிரீஷ் உதட்டைப் பிதுக்கினான். "என்ன அண்ணாச்சி, ஒரேயடியா டல்லாயிட்டீங்க? அந்தக் கடைப்பக்கம் கால் வைக்கவே இல்ல. பாதி நடைகூட இல்லியே. வைத்தியரையும் விட்டாச்சு போல, அது நல்லது." மரத்தடியில் வண்டி கொஞ்ச நேரம் நின்றாலே கைப்பேசி கிணுங்கி, 'ஏன் நின்றுவிட்டீர்கள்?' என்று கேட்டது.

ஒருநாள் உச்சிவெயிலில் அலைந்து கால் கடுத்துப்போய், தம்பானூரில் லாட்ஜுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்கினார். சாலையைக் கடந்தால் புள்ளி மறுபடி லாட்ஜுக்குள் போய்விடும். முதல் மாடி ஜன்னலில் ரத்னாபாய் தெரிந்தாள். அவரைப் பார்த்து, விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

லிங்கராஜ் நின்றபடியே தேநீரைக் குடித்து முடித்தார்.