தட்டின் ஓரத்து எறும்பு

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் பழைய போனில் பிறந்தது. அதை விற்பதற்கு முன் படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். கொள்ளைநோய்க் காலத்துச் சாப்பாட்டுத் தட்டுகள் மட்டும் நானூறு சொச்சம் தேறின.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். 'ஊரடங்கின் முதல் வாரத்தில்' (செய்தித்தாள் மாதிரி இருக்கிறது). 'பசி என்பது' (கட்டுரைப் போட்டிக்கா அனுப்பப் போகிறேன்?). கடைசியில், கேப்டனை வைத்தே ஆரம்பிக்கிறேன்.

2.

கேப்டனுக்கு இருபது வயது. கல்லூரித் தொடர் ஓட்ட அணியின் நான்கு பெண்களில் இவள்தான் மூத்தவள். கல்லூரியை மூடி எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனதும், பயிற்சியாளர் மேடம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார்.

"மைதானமும் இல்ல, ஓட்டமும் இல்ல. வீட்டுல உக்காந்து தின்னுட்டு உருண்டு வராதீங்கடி. மூணு வேளையும் தட்டைப் படம் எடுத்து அனுப்பணும். கேப்டன், நீ பார்த்து நட்சத்திரம் போடு."

எதற்கு நட்சத்திரம் என்று மேடம் சொல்லவில்லை. தட்டில் குறைவாக இருந்தால் அதுதான் கட்டுப்பாடு என்று கேப்டன் தானாகவே முடிவுகட்டினாள். [இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தேன்.] முதலில் சோறு பாதியானது. பிறகு முட்டையின் மஞ்சள் கரு காணாமல் போனது. பிறகு தட்டே சின்னதானது.

3.

குருவியைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை. தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்றை ஓடி முடிப்பவள் அவள். விடுதியில் மூன்றாம் முறை தட்டோடு வந்து நிற்பவளைப் பார்த்து, "பாத்திரத்தையாவது விட்டு வைம்மா" என்பார் சமையல்கார அண்ணன். "அதை நாளைக்குப் பாத்துக்கறேண்ணா" என்பாள். அப்படிச் சாப்பிட்டாள், அப்படி ஓடினாள்.

ஊரடங்கில் தினமும் நட்சத்திரம் வாங்கியவளும் அவள்தான். ஒரு வியாழக்கிழமை அவளுடைய இரவுச் சாப்பாட்டை உற்றுப் பார்த்தாள் கேப்டன். தட்டின் ஓரத்தில் ஓர் எறும்பு. புதன்கிழமைப் படத்திலும் அதே இடத்தில் அதே எறும்பு. செவ்வாய்க்கிழமையிலும் அதேதான். உடனே போன் போட்டாள்.

"ஏய் குருவி, நீ சாப்பிடுறியா, இல்ல பழைய படத்தையே அனுப்புறியா? மூணு நாளா ஒரே எறும்பு உக்காந்திருக்கு."

ஒரு நொடி பேச்சில்லை. பிறகு சிரிப்பு.

"அது எங்க வீட்டு எறும்புக்கா. சாப்பாட்டு நேரத்துக்கு டாண்ணு வந்துடும். எங்கப்பாவை விட ஒழுங்கு."

கேப்டனும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த கையோடு அந்தப் படத்துக்கும் நட்சத்திரம் போட்டாள்.*

* அந்த ஒரு நொடி மௌனம் முதல் வரைவில் இல்லை. கேப்டனை நல்லவளாகக் காட்ட எனக்கு ஆசை. கேப்டன் யார் என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இனி 'அவள்' என்று எழுதி ஒளிந்துகொள்ள முடியாது.

4.

மைதானம் திறந்த மூன்றாம் நாள், வளைவில் குருவி விழுந்தாள். யாரும் இடிக்கவில்லை, எதுவும் தடுக்கவுமில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு தானாகவே முறிந்திருந்தது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "மாதவிடாய் நின்னு எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேட்டார்.

"ஏழு."

"சரியா சாப்பிடலேன்னா அதுவும் நின்னுடும், எலும்பும் பலமிழந்துடும். என்னம்மா சாப்பிடுற நீ?"

குருவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மேடம் அழுதுவிட்டார். "நான் படம்தானே கேட்டேன்? சாப்பிடாதேன்னா சொன்னேன்? தினமும் பார்த்தியே, உனக்காவது தெரியலையாடி?"

"தெரியல மேடம்" என்றேன், குருவியின் காதுபடவே. அவள் மறுக்கவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. அதற்குப் பிறகு அவள் பந்தயம் எதுவும் ஓடவில்லை.

5.

வேறு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கேப்டன் சிரிக்காமல், "சரி, தட்டை எடுத்துட்டு வீடியோவுல வா. ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்கிறாள். அவ்வளவுதான். அதற்கு மேல் கதையே இல்லை. அந்த இரண்டு வரியைச் சொல்லத்தான் எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றில் குருவி என்னை மன்னித்து, அப்புறம் நாங்கள் இருவரும்

வேண்டாம். அதை எழுத வேண்டியவள் அவள்.

6.

இதுவரை எழுதியதை நேற்று அவளுக்கு அனுப்பினேன். இன்று மதியம் பதில் வந்தது. ஒரு வார்த்தை கூட இல்லை, ஒரு தட்டின் படம் மட்டும். சோறு, காய், முழு முட்டை. நிறையவே இருக்கிறது.

ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்க்க விரல் தானாகப் போனது. வெட்கமாக இருக்கிறது. பார்க்கவில்லை. படத்தைப் பார்த்து மார்க் போட்ட காலம் போதும்.

எனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, வீடியோவில் அவளைக் கூப்பிட்டிருக்கிறேன். ரிங் போய்க்கொண்டிருக்கிறது. எடுத்தால், அவள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை நான் எழுதப் போவதில்லை. எடுக்காவிட்டால்

(இந்த வாக்கியத்தை நீங்கள்தான் முடிக்க வேண்டும். என் கையில் சோறு இருக்கிறது.)