பதினாறு வீட்டுப் போர்வை

ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்தது வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு. நான் ஆவடி ரயிலடியில் பார்சல் குமாஸ்தா. அப்போது வெற்றிலைக் கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று வரை எண்ணியாகிவிட்டது. தபால்காரர் சின்னசாமி கார்டை நீட்டிவிட்டு, வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கார்டுதானே, வழியில் அவரும் படித்திருக்கிறார்.

“அன்னம்மாளுக்கு ரத்தம் கண்டிருக்கிறது. போர்வையில் பல இடங்களில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவர வேண்டாம். வெள்ளிக்கிழமை மேற்கு வார்டுக்கு மாற்றுவதாக டாக்டர் சொல்கிறார். ஆரோக்கியம்மாள், நர்ஸ்.”

“போய்ட்டு வா நைனா. கூடையை நான் பாத்துக்கறேன்” என்றார் சின்னசாமி.

நான் கூடைகளை முதலிலிருந்து எண்ணினேன். மூன்று தடவை எண்ணியதில் மூன்று கணக்கு வந்தது. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் கார்டைக் காட்டிவிட்டு பூந்தமல்லிச் சாலையில் இறங்கினேன்.

அன்னம்மாள் என் மனைவி. அவளுக்குச் சயரோகம். கரையான்சாவடிக்கு அப்பால் சவுக்குத் தோப்புக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியில் ஆவணி மாதமே சேர்த்துவிட்டேன். சேர்த்தபோதே டாக்டர் சொல்லியிருந்தார்: தொடர்ந்து தொண்ணூறு நாள் ரத்தம் காணாமல் இருந்தால் வீட்டுக்கு அனுப்புவேன், அதுவரை படுக்கையை விட்டு இறங்கக்கூடாது. இரண்டு தடவை இருபதைத் தாண்டும் முன்பே எண்ணிக்கை அறுந்துபோயிற்று. இந்தத் தடவை எண்பத்தைந்து வந்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் தொண்ணூறாம் நாள். திருவேங்கடம் தன் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். மூன்று வயது வசந்தா, ஆத்தா வருது என்று எங்கள் ஊர் வெள்ளானூர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். குழந்தைகளை அந்த ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள். அவள் தாயைப் பார்த்து நாலு மாதம் ஆகிறது.

மேற்கு வார்டைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அங்கே போனவர்களுக்கு யாரும் தொண்ணூறு நாள் எண்ணுவதில்லை.

பருத்திப்பட்டு வரை நடந்தேன். நடை என்று சொல்வது சரியில்லை. நாலு எட்டு ஓடுவதும் மூச்சு வாங்கி நிற்பதுமாகப் போனேன். போகும்போதெல்லாம் அந்தப் போர்வைதான் மனதில் வந்துகொண்டிருந்தது.

கார்த்திகைக் கடைசியில் பார்க்கப் போனபோது அன்னம்மாள், “குளுர்து” என்றாள். அந்த வைத்தியத்தில் ஜன்னல் கதவுகளைச் சாத்துவதே கிடையாது. பனி நேராகக் கட்டில்மேல் இறங்கும். ஆஸ்பத்திரிக் கம்பளி முள்ளாகக் குத்துகிறது என்று உதைத்துத் தள்ளிவிட்டு இரவெல்லாம் புரளுவாள். அசையாமல் படுக்க வேண்டியவள் அசைந்துகொண்டே இருந்தால் நெஞ்சு எப்படி ஆறும் என்று நர்ஸ் என்னிடம் கடிந்துகொண்டாள்.

இதை அடுத்த வீட்டு வேம்புலியம்மாளிடம் சொன்னேன். நாலு மாதத்தில் எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் அன்னம்மாளைப் பார்க்கப் போகவில்லை. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, கோபம் இல்லை. வேம்புலியம்மாள் வெகுநேரம் வெற்றிலையை மென்றுவிட்டுச் சொன்னாள்:

“நாங்கதான் வர்ல. துணியாச்சும் வரட்டும் தம்பி. பதினாறு ஊட்ல ஆளுக்கு ஒரு துண்டு வாங்கியாரேன். ஒட்டுப்போர்வையா தச்சுக் குடுத்துடலாம். ஒன் ஊட்டுத் துணி மட்டும் சேராது. சீக்குக்காரி ஊட்டுத் துணி வெச்சா சீக்கு அங்கியே குந்திக்கும்.”

“பதினாறு வீட்டிலும் கொடுப்பார்களா?”

“குடுக்காம இன்னா? அவ கையால மோர் குடிக்காத ஊடு எது கீது இங்க? குடுக்காதவளை நான் கேட்டுக்கறேன்.”

கொடுத்தார்கள். கன்னியம்மாள் கல்யாணப் புடவையின் உள்தலைப்பிலிருந்து ஒரு சாண் வெட்டிக் கொடுத்தாள். ஒருத்தி தாவணி, ஒருத்தி புருஷனின் தலைப்பாகைத் துணி. ஒவ்வொருத்தியும் புதுத்துணி கொடுப்பதுபோல், குழைத்த மஞ்சளைக் கட்டைவிரலால் தொட்டு ஒரு மூலையில் வைத்துக் கொடுத்தாள். வேம்புலியம்மாள் தைத்தாள். எப்படித் தைக்க வேண்டும் என்று நான் காகிதத்தில் கட்டம் போட்டுக் கொடுத்தேன்: நாலு வரிசை, வரிசைக்கு நாலு. மஞ்சள் மூலை எல்லாத் துண்டிலும் வலது கீழ்ப்பக்கம் வரவேண்டும்.

“ரயிலடியில மூட்டை அடுக்கறாப்பல இன்னாத்துக்கு இதுக்குப் போய் கணக்கு?” என்று அவள் கேட்டாள். ஆனாலும் அப்படியே தைத்தாள்.

போன திங்கட்கிழமை போர்வையை ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்தேன். வெளித்துணி எதுவும் வெந்நீரில் வெந்தபிறகுதான் வார்டுக்குள் போகும் என்று வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் இந்தக் கார்டு.

பருத்திப்பட்டில் ஒரு ஜட்கா வண்டி கிடைத்தது. கரையான்சாவடிக் கடைத்தெருவில் நிறுத்தச் சொல்லி இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கினேன். வெறுங்கையோடு போவதில்லை என்பதால் வாங்கினேனே தவிர, வேறு நினைவு இல்லை. ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே போனதில், இறங்கும்போது அது கசிந்திருந்தது.

அன்னம்மாளின் கட்டில் வரிசையில் ஐந்தாவது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வை கால்மாட்டில் மடித்துக் கிடந்தது.

“அன்னம்.”

“வண்டி வேணாம்னு சொல்லிட்டியா?”

“இன்னும் இல்லை.”

“சொல்லிடு. கொழந்தைக்கும் சொல்லிடு. பாவம், வாசல்ல வந்து நின்னுகினு இருக்கும்.”

நர்ஸ் ஆரோக்கியம்மாள் வந்தாள். நாற்பது வயதிருக்கும், எப்போதும் எங்கேயோ போகிற வழியில் நின்று பேசுகிறவள். “முந்தாநாள் ராத்திரி நான் இல்லைங்க. சாயங்காலம் இருட்டினப்புறம் சலவைக்காரன் கொண்டுவந்து போர்த்திட்டுப் போயிருக்கான். விடிஞ்சு பார்த்தா நெடுக ரத்தம். இவங்க பயந்து, எழுந்து உட்கார்ந்து, ஒரே இருமல். டாக்டர் தூரத்தில நின்னு பார்த்துட்டு மேற்கு வார்டுன்னுட்டார்.”

நான் போர்வையை எடுத்தேன்.

“தொடாதீங்க” என்றாள் நர்ஸ்.

தொட்டு, கட்டிலின்மேல் பாதிவரை விரித்தேன். சிவப்பு இருந்தது. காய்ந்து பழுப்பேறிய சிவப்பு, கட்டைவிரல் அகலம். என் கண் பழக்கத்தில் எண்ணத் தொடங்கிவிட்டது. ஒரு வரிசைக்கு நாலு. அடுத்த வரிசைக்கும் நாலு. ஒவ்வொன்றும் துண்டின் வலது கீழ் மூலையில்.

நாலு நாலாக வரிசை பிடித்து யாரும் இருமுவதில்லை.

“இதை எதில் வேகவைத்தார்கள்?”

“சோடாவிலதான். எல்லாத் துணியும் சலவைச் சோடாவில வேகும்.”

நான் கட்டிலருகே குனிந்தேன். “அன்னம், நம் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டு என் வேட்டிமேல் கொட்டிற்றே, நினைவிருக்கிறதா?”

அவள் திரும்பவில்லை. “சாவப்போறவகிட்ட கல்யாணத்தைப் பத்திப் பேசறியே.”

“மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பு. சோடா பட்டாலும் சிவப்பு. இது அந்த மஞ்சள். அன்றைக்கு உன் அம்மா வேட்டியில் என்ன பிழிந்தாள்?”

இப்போது திரும்பினாள். என் கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள்.

கத்தி தேட நேரமில்லை; பல்லால் கடித்துத் திறந்தேன். முதல் மூலையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தேன். சிவப்பு கலங்கி, ஓரத்திலிருந்து உள்ளே மஞ்சளாக வந்தது. கன்னியம்மாளின் கல்யாணப் புடவைத் துண்டு அது.

“மாதாவே” என்றாள் ஆரோக்கியம்மாள். பிறகு மற்றப் பழத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடுத்த கட்டில்காரிகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். “இந்த ஆஸ்பத்திரி சமையக்காரன்கூட இப்படிப் பிழிய மாட்டான்” என்று ஒருத்தி சொன்னதற்கு மற்றவர்கள் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் அவர்களை அதட்டினாள். மூன்று வரிசை முடிந்தது. பன்னிரண்டு. மேல்வரிசையை அன்னம்மாள் தானே இழுத்து மடிமேல் போட்டுக்கொண்டு, “குடு, நான் செய்யறேன்” என்று வாங்கிப் பிழிந்தாள். பதினாறு.

“சலவைக்காரனுக்கு இருக்கு இன்னிக்கு. நான் போய் டாக்டர்கிட்ட சொல்லிடறேன். மேற்கு வார்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டாங்க” என்று நர்ஸ் கிளம்பினாள்.

அன்னம்மாள் போர்வையின் மேல்விளிம்பைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்திருந்தாள். வலது கை விளிம்பில். கட்டைவிரல் அமுங்கி, நகம் வெளுத்திருந்தது. மற்ற விரல்கள் சும்மா இருந்தன.

“கையை எடு” என்றேன்.

“எதுக்கு?”

“எடு அன்னம்.”

அவள் என்னையே பார்த்தாள். நாலு மாதத்தில் அந்தக் கண்களில் நான் பார்க்காத தெம்பு அன்றைக்கு இருந்தது. “பதினாறும் மஞ்சளாயிட்ச்சில்ல. நீதானே எண்ணினே. அப்பறம் இன்னா?”

நான் அவள் விரலைத் தூக்கினேன். அவளுக்குப் பலம் போதவில்லை. துண்டின் மூலையில் இல்லை, நடுவில், விளிம்பை ஒட்டி ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. மிளகளவு. என் கையில் நசுங்கிக் கிடந்த தோலை அதன்மேல் பிழிந்தேன். சாறு பட்டு நனைந்தது. நிறம் மாறவில்லை. இன்னொரு தடவை பிழிந்தேன்.

“அதெல்லாம் பாத்து பயந்துட்டேன்யா” என்றாள் அன்னம்மாள் மெதுவாக. “நெடுக நான்தான் கக்கி வெச்சிருக்கேன்னு நெனச்சு எழுந்து குந்திகினு இருமினேன். அப்ப வந்தது. இது ஒண்ணுதான். பயத்துல வந்தது. பயம்தான் போய்ட்ச்சே.”

நர்ஸ் வார்டின் கோடிக்குப் போய்விட்டிருந்தாள். அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திருவேங்கடத்தின் வண்டி, பரப்பிய வைக்கோல், வாசலில் வசந்தா, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. வெள்ளானூர் போகிற வழி முழுக்கப் பள்ளம். வண்டி குலுங்கும். வீட்டில் இவள் நாலு நாள் படுத்திருப்பாள், ஐந்தாம் நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவாள். குழந்தை மடியை விட்டு இறங்காது.

“ஊட்ல அசையாம படுத்துக்கறேன்” என்றாள், நான் நினைத்தது கேட்டதுபோல். “கொழந்தை மேல ஆணையா.”

“அவள்மேல் ஆணை வைக்காதே.”

“நீ எண்ணாமதான் இரேன். ஒரே ஒரு தபா.”

செருப்புச் சத்தம் கதவை எட்டிவிட்டது. நான் எழுந்தேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“அம்மா, பதினேழு இருக்கிறது.”

ஆரோக்கியம்மாள் திரும்பி வந்தாள். பார்த்தாள். தானும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அன்னம்மாளின் நாடியைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு என்னோடு டாக்டர் அறைக்கு வந்தாள். இந்தத் தடவை டாக்டர் தூரத்தில் நிற்காமல் கட்டிலுக்கு வந்து, முதுகில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். போர்வையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேற்கு வார்டு இல்லை. அதே கட்டில்தான். ஆனால் நாள் இன்றிலிருந்து ஒன்று.

அவர்கள் போனபிறகு நான் முக்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலருகே போய்விட்டு மறுபடி உட்கார்ந்தேன். அன்னம்மாள் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் காதுப்பக்கம் ஓடியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“சந்தோசமா?” என்றாள்.

நான் போர்வையை அவள்மேல் இழுத்துவிட்டேன்.

“பார்சல் குமாஸ்தாவைக் கட்டிகினேன் பாரு.”

பிறகு அவள் விரல்கள் போர்வைமேல் நகர்ந்தன. ஒவ்வொரு துண்டாகத் தடவி, யார் வீட்டுத் துணி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினான்கை நான் சொல்லாமலே கண்டுபிடித்தாள். அந்த மிளகளவுக்கு வந்ததும் விரல் நின்றது.

“நம்ம ஊட்டுத் துணி சேராதுன்னு சொன்னாளா வேம்புலியம்மா?”

“சொன்னாள்.”

“சேந்துட்ச்சு, போய்ச் சொல்லு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஞாயித்துக்கெழம நீ மட்டும் வா. கொழந்தையோட பழைய பாவாடை ஒண்ணு கீது, பெட்டியில, பச்சை. அதுல ஒரு துண்டு வெட்டிகினு, ஊசி நூலும் எடுத்துகினு வா. இந்த எடத்து மேல நானே வெச்சுத் தச்சிக்கறேன். படுத்துகினே தைக்கலாம், அசைய வேணாம். வாசல்ல கேட்டா நர்ஸம்மாவைக் கேட்டுட்டேன்னு சொல்லு.”

“கேட்டாயா?”

“நீ கேளு.”

பார்க்கும் நேரம் முடிந்த மணி அடித்தது. நான் பழத்தோல்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து, கதவுவரை போய்விட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“யோவ். மஞ்சள் தடவிடாதே.”