எட்டாவது பெயர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. வருஷம் 1937. வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு தனி வகுப்பு. எட்டுப் பெயர்கள். எட்டாவது பெயர் மட்டும் சிவப்பு மையால் குறுக்கே அடித்து நீக்கப்பட்டிருந்தது: மாரி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இடி இடித்தது. மின்னல் வெளிச்சத்தில் ஓர் உருவம்—" [வேண்டாம். தொடர்கதை எழுதிப் பழகிய கை. அன்றைக்கு நல்ல வெயில்.]

2

பட்டணத்தில் பயிற்சி எடுத்து வந்த சௌந்திரம் டீச்சருக்கு மாணவி ஒருத்திதான். நெசவுக்காரர் மகள் மாரி, ஒன்பது வயது. டீச்சரின் தொண்டையில் விரல் வைத்து, வாயசைவைப் பார்த்து, ஐந்து மாதத்தில் ஏழு சொற்கள் பேசியிருந்தாள். ஆனால் சர்க்கார் கிராண்டுப் பணம் கிடைக்க எட்டுப் பிள்ளைகள் வேண்டும். இல்லையென்றால் வகுப்பை மூடிவிடுவார்கள்.

"ஏழு பேருதானுங்க டீச்சரம்மா குறையுது? மூணாங்கிளாஸ்ல இல்லாத செவிடா? நான் கூப்புட்டா ஒருத்தனாச்சும் திரும்பறானா?" என்றார் ஹெட்மாஸ்டர் காளியண்ணன்.

"பொய்யில்லீங்களா சார்?"

"மாரி படிக்கோணுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க."

[இவருக்கு வில்லன் மீசை வைத்து, பிறகு அழித்தேன். அவரும் வகுப்பைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.]

3

இன்ஸ்பெக்டர் வந்து சோதிப்பதற்கு முன் மூன்று நாள் ஒத்திகை. ஏழு பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று காளியண்ணன் தாம்பாளத்தைத் தட்டுவார். திரும்பாதவனுக்கு ஒரு துண்டு வெல்லம். மாரியை மட்டும் கூப்பிடவில்லை. நிஜமாகவே காது கேளாதவளுக்கு எதற்கு ஒத்திகை?*

* தவறு இந்த வரியில்தான் நடந்தது. நானும் முதல் பிரதியில் கவனிக்காமல் தாண்டிப் போனேன்.

4

இன்ஸ்பெக்டர் தாம்பாளத்தைத் தொடவில்லை. எட்டுப் பேரும் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பெஞ்சின் நுனியில், கைத்தடியால் ஓங்கி ஒரு போடு போட்டார்.

ஏழு பேர் அசையவில்லை.

மாரி திரும்பினாள். தறிக்குழி ஓரத்திலேயே வளர்ந்தவள். அப்பா தறி அடிக்கும் அதிர்வை உடம்பிலேயே வாங்கிப் பழகியவள். திரும்பியதோடு நில்லாமல் சிரிக்கவும் செய்தாள்.

"ஏழு பேர் சரி. இந்தப் பெண்ணுக்குக் காது நன்றாய்க் கேட்கிறதே. சர்க்காரையே ஏமாற்றப் பார்த்தீர்களா? பெயரை அடியுங்கள். போகட்டும், மீதி ஏழு பேருக்கே கிராண்டு எழுதித் தருகிறேன்."

சிவப்புப் பேனாவைச் சௌந்திரத்திடம் நீட்டினார். பேசிவிடாதீங்க என்று காளியண்ணன் கண்ணால் கெஞ்சினார்.

5

முடிவு ஒன்று: சௌந்திரம் உண்மையைச் சொல்கிறாள். வகுப்பை மூடுகிறார்கள். மாரி தறிக்குப் போகிறாள்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. கிராண்டு வருகிறது. நன்றாகக் காது கேட்கிற ஏழு பேருக்குத் தனி வகுப்பு நடக்கிறது. மாரி தறிக்கு—

முடிவு மூன்று: இன்ஸ்பெக்டர் மனம் இளகி— [சிரிக்காதீர்கள்.]

பதிவேட்டைப் பார்த்தவன் நான். நடந்தது எனக்குத் தெரியும். முதல் பத்தியைப் படித்த உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் என் கையால் எழுத மாட்டேன். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பேனா இப்போது சௌந்திரத்தின் கையில் இருக்கிறது. மாரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள் சௌந்திரம்தான்.