வெற்றிலை மெல்லும் வரை சுற்றிய பேரிங்

துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் ஒர்க்‌ஷாப் சூப்பரின்டெண்ட் ஆகிவிட்டால் மனிதனுக்குக் கழுத்து திரும்பாது போலிருக்கிறது. ஜீவமணியின் சகலை தேவபிரசாதத்துக்குத் திரும்பவில்லை. கல்யாணப் பந்தியில், இலையில் பாயசம் விழுகிற நேரம் பார்த்து, "உம்ம பட்டறை சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டத்தான் லாயக்கு. பல்சக்கரம் வெட்டணும்னா நம்மகிட்ட வாரும் வே" என்றார். "உம்ம வாசப்படிய மிதிச்சா நான் ஜீவமணி இல்ல" என்று இவரும் எழுந்துவிட்டார். பாயசம் போனதுதான் மிச்சம்.

உலகச் சண்டை முடிந்த வருஷம் அது. ஐப்பசி பிறப்பதற்குள் திரேஸ்புரத்துத் தோணிக்காரர் விக்டர், ஜீவமணியின் பட்டறையில் வந்து நின்றார். தோணியைக் கரைக்கு இழுக்கும் வின்ச்சில் பல்சக்கரம் உடைந்து, தோணி பாதி மணலிலும் பாதி கடலிலுமாகக் கிடந்தது.

"வாடக் காத்து கெளம்பிட்டுன்னா அல அடிச்சே பிளந்துரும் அண்ணாச்சி. எனக்கு இருக்கது அந்த ஒரு தோணிதான்" என்றார்.

"இங்கனயே வெட்டித் தாரேன்" என்று ஜீவமணி வாக்குக் கொடுத்துவிட்டார். வட்டத்தைப் பிசகாமல் சமபங்கு போட்டுக் காட்டும் டிவைடிங் ஹெட் இல்லாமல் பல் வெட்ட முடியாது. ஊரில் அது இருந்ததோ சகலையிடம். ஆகவே சொந்தமாகவே ஒன்று செய்வதென்று தீர்மானமாயிற்று. வீம்பு இருக்கும்போது மெஷின் எதற்கு?

உடம்பு வார்த்தாயிற்று, தண்டு கடைந்தாயிற்று. தண்டைத் தாங்குவதற்கு புஷ் என்கிற இரண்டு வெண்கல வளையங்களையும் இழைத்து வைத்திருந்தார். எதிர்த்த வெற்றிலைக்கடை அய்யாக்குட்டி வந்து அதில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? மாட்டுவண்டிச் சக்கரத்துலகூட இப்படி ஒரு வளையம்தான இருக்கு?"

ஜீவமணிக்குச் சுருக்கென்றது. சகலை காதில் விழுந்தால் என்ன ஆவது! புஷ் இரண்டும் அன்றைக்கே அடுப்பங்கரைக்குப் போயின. மனைவி கிரேசி ஒன்றின் மேல் மோர்க்கலயத்தையும் மற்றதின் மேல் ஊறுகாய்ச் சட்டியையும் உட்கார வைத்தாள். இப்படி ஆடாத பிரிமணை அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

பிறகு பட்டாள லாரிகளை உடைத்து விற்ற இடத்திலிருந்து, உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும் பால்பேரிங் ஒரு சாக்கு வந்தது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, விரலில் மாட்டிச் சுண்டிவிட்டுப் பரீட்சை நடந்தது. அய்யாக்குட்டிதான் நீதிபதி. புதிதாக இருந்தவை முனகிக்கொண்டு நான்கு சுற்றில் நின்றன. "சோம்பேறி" என்று தள்ளினார். ஒரு ஜோடி மட்டும் அவர் ஆத்தூர் வெற்றிலையை மடித்து, மென்று, துப்பி முடிக்கும்வரை சுற்றியது. "இதுல்லா பேரிங்கு!" ஜீவமணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உபதேசியாரை அழைத்து ஜெபம் பண்ணி அதையே மாட்டினார். பர்மா வரை ஓடித் தேய்ந்து, உள்ளே கலகலத்துப் போன பேரிங்தான் அப்படிச் சுற்றும் என்று ஜெபத்தில் யாரும் சொல்லவில்லை.

வெட்டிய சக்கரத்தில் ஒரு பல் தடித்திருந்தது, அடுத்த பல் சூம்பியிருந்தது. தண்டைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்றது. வெளியே காற்று திரும்பத் தொடங்கியிருந்தது. விக்டர் சக்கரத்தைப் பார்த்தார், தோணிப் பக்கம் நடந்தார். ஜீவமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் பல் வெட்டாத வேறொரு சக்கரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். வாசப்படி மிதிக்கமாட்டேன் என்றுதானே சொன்னார், பின்பக்கக் கேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. உள்ளே சகலையின் சீமை டிவைடிங் ஹெட் எண்ணெய் போடுவதற்காக மூடி கழற்றிக் கிடந்தது. ஜீவமணி எட்டிப் பார்த்தார். தண்டைச் சுற்றி மொழுமொழுவென்று ஒரு வளையம். அவர் வீட்டு மோர்க்கலயத்தின் அடியில் இருப்பதற்குக் கூடப்பிறந்தது.

"இதுல பால் எங்க சகல?"

"சீமச் சாமான் வே. பாலெல்லாம் உள்ளுக்குள்ள இருக்கும், கண்ணுக்குத் தெரியாது" என்றார் சூப்பரின்டெண்ட். "அது சரி, துண்டுல என்னது?"

"ஒண்ணுமில்ல. பலாப்பழம்" என்று சொல்லிவிட்டு ஜீவமணி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

"அப்ப மோர எங்கன வைக்கது?" என்று கிரேசி மறித்தாள். பால்பேரிங் ஜோடியை அவள் கையில் திணித்துவிட்டு புஷ்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். பேரிங்குக்காகத் துளையைப் பெரிதாக்கித் தொலைத்திருந்ததால், ஒவ்வொன்றுக்கும் ஒரு உறை கடைந்து புஷ்ஷை அதற்குள் இறுக்கினார். தண்டு அசையவில்லை. பற்கள் அச்சில் வார்த்தது போல் வந்தன. வாடை முழுவேகம் எடுப்பதற்குள் விக்டரின் தோணி மொத்தமாக மணலுக்கு ஏறியது. விக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஊரிலோ பேர் வாங்கியது அய்யாக்குட்டி. "நான் பொறுக்கிக் குடுத்த பால்பேரிங்குல்லா!" என்று வெற்றிலை வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மாட்டுவண்டிப் பேச்சு மறுபடி கிளம்புமே என்று ஜீவமணி வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, தேவபிரசாதம் அவருடைய வாசப்படியை மிதித்தார். கழுத்து கொஞ்சம் திரும்பியிருந்தது.

"நம்ம மெஷின முழுசாக் கழத்திப் பாத்துட்டேன் வே. பாலே இல்ல, ஏமாத்திப்புட்டான். உம்ம மாதிரி மாத்தலாம்னு இருக்கேன். அந்தப் பேரிங்கு இன்னும் கெடைக்குமா?"

ஜீவமணி அடுப்பங்கரைக்குப் போனார். மோர்க்கலயத்தையும் ஊறுகாய்ச் சட்டியையும் இறக்கி வைத்தார். பேரிங் இரண்டையும் துண்டால் துடைத்து, ஒன்றை விரலில் மாட்டிச் சகலையின் முகத்துக்கு நேரே சுண்டிவிட்டார்.

"பாரும் சகல, எப்படிச் சுத்துதுன்னு."