கலந்து உட்கார்ந்த வருஷம்

ஜெகதாம்பாள் தலைமையாசிரியையாக அந்த ஊருக்கு வந்தது எண்பதாம் வருஷம் ஜூன் மாதம். வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் போக வேண்டிய ஊர். எறையூரில் சர்க்கரை ஆலை வந்த பிறகு கரும்பு போட்டுக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. அங்கிருந்த உயர்நிலைப் பள்ளிக்கு வட்டாரத்தில் நல்ல பெயர். ஏ பிரிவுப் பிள்ளைகள் வருஷா வருஷம் முழுக்கத் தேறினார்கள். பி பிரிவைப் பற்றி அவளிடம் யாரும் பேசவில்லை.

ஏ பிரிவு ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது, பி பிரிவு பின்னாலிருந்த கீற்றுக் கொட்டகையில். வந்த வாரத்திலேயே ஒன்பதாம் வகுப்புக் கொட்டகைக்குள் நுழைந்தவள், கணக்குப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்று கேட்டாள். மலர்கொடி என்ற பெண் எழுந்தாள்.

"கணக்கு பீரியட்ல நாங்க செடிக்குத் தண்ணி ஊத்துவோம் டீச்சர்."

கேலியாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

கணக்கு ஆசிரியர் அமிர்தலிங்கம் ஜெயங்கொண்டத்துக்காரர், இளைஞர், பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர். அவரைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"எதை வெச்சு சார் பிரிக்கிறீங்க?"

"மார்க்க வெச்சுன்னு சொல்லுவாங்க டீச்சர்." கொஞ்சம் தயங்கினார். "ஆறாம் வகுப்புல சேர்ற அன்னிக்கே பிரிச்சிடுறாங்க. அன்னிக்கு ஏது மார்க்கு? நான் வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. ஏ பிரிவுக்கு மட்டும் எடுத்தாப் போதும்னாங்க."

கொட்டகையில் இருந்தவர்கள் காலனிப் பிள்ளைகளும் ஆடு மாடு மேய்ப்பவர்களின் பிள்ளைகளும். அதற்கு மேல் விசாரிக்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. திங்கட்கிழமை காலை பிரார்த்தனை முடிந்ததும், பெயர்களை அகர வரிசையில் படித்து ஒன்றுவிட்டு ஒன்றாக எல்லா வகுப்பையும் பிரித்தாள். இரண்டு பிரிவுக்கும் அமிர்தலிங்கமே கணக்கு எடுப்பார், கொட்டகையில் ஆறு மாதம் ஒரு பிரிவு, அடுத்த ஆறு மாதம் மற்றது என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலமே பெற்றோர் சங்கத் தலைவர் முத்துசாமி வந்தார். கரும்பு விவசாயி. குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர்.

"நல்லா நடந்துக்கிட்டிருந்ததுங்க டீச்சரம்மா. ஏன் கலைக்கிறீங்க?"

"யாருக்கு நல்லா நடந்துச்சு?" என்று கேட்டாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வருஷம் நன்றாகப் போயிற்று. முதலில் பெஞ்சில் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். பொங்கலுக்குப் பிறகு அது குறைந்தது. வாய்ப்பாட்டில் தடுமாறிய மலர்கொடி முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் ஐம்பதைத் தாண்டினாள். முத்துசாமியின் மகளுக்குப் பக்கத்தில்தான் அவள் இடம். "இத்தனை வருஷம் பாதிப் பள்ளிக்கூடத்துக்குத்தான் சார் நான் வாத்தியாரா இருந்திருக்கேன்" என்று அமிர்தலிங்கம் சக ஆசிரியரிடம் சொன்னது ஜெகதாம்பாள் காதிலும் விழுந்தது. அன்று அவள் பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள்.

மறு ஜூனில் முத்துசாமி தம் மகளின் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதாம். அவர் பின்னால் இன்னொருவர் வந்தார். பிறகு தினமும் யாராவது வந்தார்கள். கரும்பு போட்டவர்களுக்கு வேன் வைத்து அனுப்ப முடிந்தது. ஆகஸ்டில் தலை எண்ணியபோது பத்தாம் வகுப்புக்கு ஒரு பிரிவுதான் தேறியது, ஒன்பதுக்கும் அப்படியே. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரே உபரி ஆசிரியர் என்று அமிர்தலிங்கத்தை வேறு ஊருக்கு மாற்றி உத்தரவு வந்தது.

ஜெகதாம்பாள் மேலதிகாரியைப் போய்ப் பார்த்தாள். அவர் நல்லவிதமாகத்தான் பேசினார். "நீங்க செஞ்சது நியாயம்மா. ஆனா பிள்ளைங்க எண்ணிக்கைக்குத்தானே போஸ்ட்? நான் என்ன பண்ண?"

அமிர்தலிங்கம் போன பிறகு முத்துசாமி மறுபடி வந்தார்.

"டவுனுக்கு அனுப்புறது எங்களுக்கும் செரமந்தாங்க. பழையபடி பிரிச்சிடுங்க. அத்தனை பேரும் பிள்ளைங்களத் திருப்பிக் கொண்டாந்து சேக்கிறோம். ரெண்டு பிரிவு ஆயிடும், கணக்கு சாரும் வந்துடுவாரு. அவரு ரெண்டுக்கும் பாடம் எடுக்கட்டும், நான் தடுக்கலீங்க. ஒண்ணா உக்கார வேணாம், அவ்வளவுதான்."

"ஒண்ணா உக்காந்ததுல உங்க மகளுக்கு மார்க் குறைஞ்சுதா?"

"கொறயலீங்க. மார்க்கப் பத்தி நான் பேசவே இல்லீங்களே."

அவர் அதை ஒளிவில்லாமல் சொன்னார். ஜெகதாம்பாள் ஜன்னல் வழியே கொட்டகையைப் பார்த்தாள். ஓட்டுக் கட்டடத்தில் இருக்கும் காலனிப் பிள்ளைகளை எழுப்பி, மறுபடி அங்கே போய் உட்காருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? "முடியாதுங்க" என்றாள்.

பத்தாம் வகுப்புக்குக் கணக்கை அவளே எடுத்தாள். படித்தது தமிழ். வழிகாட்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வருவாள். ஒருநாள் வட்டத் தேற்றம் ஒன்றைக் கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு, அடுத்த வரி வராமல் சாக்பீஸும் கையுமாக நின்றாள். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. நோட்டில் அந்தப் பாதியை மட்டும் எழுதிக்கொண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். சிரித்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

தேர்வு முடிவு வந்தபோது பாதிப் பேருக்கு மேல் கணக்கில் போயிருந்தது. மலர்கொடி மற்றப் பாடங்களில் எல்லாம் தேறி, கணக்கில் மட்டும் தவறியிருந்தாள்.

அக்டோபர் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு ஜெகதாம்பாள் காலனிக்குப் போனாள். மலர்கொடியின் அம்மா காத்தாயி வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். கோணிச் சாக்கை உதறி விரித்து, "உக்காருங்க டீச்சர்" என்றாள்.

"மலர் எங்கங்க?"

"கரும்புல சோகை உரிக்கப் போயிருக்கா. வந்துடுவா."

காத்தாயி சுள்ளியை ஒடித்தபடியே தலை நிமிராமல் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். முத்துசாமி அய்யா வந்து பிரிச்சு வெக்கச் சொன்னாராமே. நீங்க சரின்னு சொல்லியிருந்தா கணக்கு சாரு வந்திருப்பாரா?"

"வந்திருப்பார்."

"அப்ப எம்மவ பாசாயிருப்பாளா?"

பொய் சொல்ல ஜெகதாம்பாளுக்கு வாய் வரவில்லை. "ஆயிருப்பா" என்றாள்.

காத்தாயி தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி மெதுவாகப் பேசினாள். "அவரு உங்ககிட்ட பேசினாரு. நீங்க அவருகிட்ட பேசினீங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்ல டீச்சர்?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

காத்தாயி சுள்ளியைக் கீழே போட்டாள். "தெரியல டீச்சர். பிரிச்சு உக்கார வெக்கிறது எங்களுக்கும் ரோசந்தான். ஆனா எம்மவ படிப்பு. கேட்டிருந்தா நானும் ரெண்டு நாளு யோசிச்சிருப்பேன்."

மலர்கொடி வந்தாள். கையெல்லாம் சோகை கீறிய சிவப்புக் கோடுகள். விண்ணப்பத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். "யாரு டீச்சர் சொல்லித் தருவாங்க?" என்றாள். ஜெகதாம்பாள் சாக்கிலிருந்து எழுந்தாள். "அப்புறம் பாக்கலாம் டீச்சர்" என்று தாளை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

அக்டோபரில் அவள் எழுத வரவில்லை. தை மாதம் கல்லங்குறிச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

ஓட்டுக் கட்டடத்தில் இப்போது இடம் நிறைய இருந்தது. காலனிப் பிள்ளைகள் அதில்தான் உட்கார்ந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. மறு ஜூனில் ஜெகதாம்பாள் பள்ளி திறக்கும் முன்பே காலனிக்குப் போய், மாரியம்மன் கோவில் முன்னால் எல்லாரையும் கூட்டி, பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டாள். வேலைக்குப் போனவர்கள் போக, ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். காத்தாயியும் வந்து ஓரமாக நின்றாள். கணக்கு சார் வேண்டும் என்றார்கள். அதை அவர்கள் பெயரிலேயே மனுவாக எழுதி, கைநாட்டு வாங்கி அனுப்பினாள். அடுத்த வருஷம் அவளுக்கு மாற்றல் வந்து பஸ் ஏறும்வரை கணக்குக்கு ஆள் வரவில்லை.